பாலகுமாரின் மைக்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. போன மழைக்காலத்தில் என் வாயால், என் நாக்கால் அனுபவித்ததைத்தான் எழுதுகிறேன். படித்த பிறகு சோறு இறங்கவில்லை என்றால் என்னைத் திட்டாதீர்கள்.

எங்கள் பங்க் ராக் பேண்டின் பெயர் 'ராஜகாலுவே'. பெங்களூரில் மழைநீரும் சாக்கடையும் ஒன்றாக ஓடுகிற பெரிய கால்வாயை அப்படித்தான் சொல்வார்கள். பெயருக்கேற்ற லட்சணம். பொம்மனஹள்ளியில் ஒரு பேஸ்மென்ட்தான் நாங்கள் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூம். மூலையில் காய்ந்துபோன பிரியாணிப் பொட்டலம், ஆம்ப் மேல் ஈர சாக்ஸ். கிட்டார் உமேஷ், டிரம்ஸ் விக்கி. இருவருக்கும் அழுக்கு ஒரு கொள்கை. எதையும் கழுவக் கூடாது, கழுவினால் அது பங்க் இல்லையாம்.

எனக்கு முன்னால் பாடியவன் பாலகுமார். இவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு ஆனேக்கல்லில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். போனையும் எடுப்பதில்லை. அவன் இடத்துக்கு என்னை எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோ நன்றாக அமைந்தால் நான் நிரந்தரம், இல்லாவிட்டால் பழையபடி கால் சென்டர். ஒரு பேண்டில் பாட இரண்டு வருஷமாக நாயாய் அலைந்தவள் நான்.

ஸ்டாண்டில் ஒரு மைக் இருந்தது. பிடியில் 'பாலா' என்று ஆணியால் கீறியிருந்தது.

"போறப்போ எடுத்துட்டுத்தான் போனான். திங்கக்கிழமை வந்து பார்த்தா ஸ்டாண்ட்ல இருக்கு," என்றான் உமேஷ். "யார் கையிலயாவது குடுத்தனுப்பியிருப்பான். நீ சும்மா பாடு குரு." பெங்களூரில் ஆணோ பெண்ணோ, எல்லோரும் 'குரு'தான், 'மச்சா'தான்.

கடைசிப் பாட்டில் பாலகுமார் மைக்கை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு கத்துவானாம். கூட்டம் அதற்காகவே வருமாம். நானும் அதையே செய்ய வேண்டும்.

வாயருகே கொண்டுபோனதும் குமட்டியது. சொத்தைப் பல் நாற்றம். மேலே இருந்த கம்பி வலையைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஸ்பாஞ்ச் முழுக்கச் செம்மண். அதில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

"சீ! என்னடா இது?"

"பங்க், மச்சா," என்று சிரித்தான் விக்கி.

பன்றிகள் என்று மனதுக்குள் திட்டினேன். வலையையும் ஸ்பாஞ்சையும் டெட்டால் ஊற்றித் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன்.

மறுநாள் தொட்டபோது ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம். விரலை எடுத்தால் நூலாக இழுத்தது. உள்ளே மறுபடியும் மண்.

ஞாயிறு, மாலை 4.10. ஷோ நடந்த பார் நிரம்பியிருந்தது. கடைசிப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு மைக்கை வாய்க்குள் விட்டேன்.

பல்லில் மண் கரகரத்தது.

கத்தினேன். ஸ்பீக்கரில் ஆண் குரல் கேட்டது.

நிறுத்தினேன்... அது நிறுத்தவில்லை.

வெளியே இழுத்தேன்... வரவில்லை. மறுபக்கம் யாரோ பல்லால் கவ்வியிருந்தார்கள்...

கர்ர்ர்...

என் நாக்கின்மேல் இன்னொரு நாக்கு.

சில்லென்று... தடியாக...

பிடுங்கி எறிந்துவிட்டுத் துப்பினேன். சேறு. கூட்டம் விசிலடித்துக் கத்தியது. எல்லாம் ஷோ என்று நினைத்துவிட்டார்கள்.

"இனிமே நீதான் நம்ம சிங்கர்!" என்று உமேஷ் ஓடி வந்தான். நான் பாத்ரூமில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே மைக்கைத் திருப்பிக் கொடுக்க ஆனேக்கல் போனேன். கதவைத் திறந்தது பாலகுமாரின் தங்கை வீணா. மைக்கைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எப்டிக்கா உங்க கையில?"

"உங்க அண்ணன்தான் குடுத்தனுப்பினாராம்."

"அண்ணன் செத்து ரெண்டு மாசம் ஆச்சுக்கா. பேண்டுக்காரங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டான். கடைசியா ஒண்ணுதான் கேட்டான்..."

"என்ன?"

"மைக்கை வாய்ல வெச்சுப் பொதைக்கச் சொன்னான். அப்டியேதான் பொதைச்சோம்."

அதன்பிறகு நான் பாடவில்லை. தினமும் காலையில் பல் துலக்கித் துப்பியதும் வாஷ்பேசினைப் பார்க்கிறேன். செம்மண் நிறம் இன்னும் போகவில்லை.