ஏழு முறை தோற்றதால் கிடைத்த வேலை

செல்வமேரி அக்கா பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஏழு முறை தவறியவர். ஏழு மார்க் ஷீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி, குண்டூசி குத்தி, இன்டர்வியூவுக்கு எடுத்து வந்தார். முதலாளி அர்த்தநாரி அவற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"ஏழுலயும் இருபதத் தாண்டலியே சாமி! திங்கக்கெழமையே வந்துரு."

அது 1986. அர்த்தநாரி திருச்செங்கோட்டில் ரிக் வண்டி முதலாளி. அவருடைய வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் இருந்த அவருடைய அக்கா மகன் ஒரு கடிதம் எழுதினான். அதை நம்பி அவர், சேலத்தில் கொண்டலாம்பட்டி தாண்டியிருந்த டயர் குடோனைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஏசி வைத்து, பன்னிரண்டு கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். வாசலில் தேங்காய் உடைத்தார். டயர் நாற்றம் மட்டும் கடைசி வரை போகவில்லை.

எங்களுக்கு வந்த வேலை இதுதான். அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலத்தில் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் செய்தித்தாள்களில் வந்த இறப்புச் செய்திகளைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் அடித்து, பிளாப்பியில் ஏற்றி அனுப்ப வேண்டும். தங்கள் தாத்தாவுக்கு அப்பா யார் என்று தெரியாதவர்கள் அங்கே பணம் கட்டித் தெரிந்துகொள்வார்களாம். எங்கள் பக்கம் அந்தச் செலவு கிடையாது. பங்காளி யார் என்று நாம் மறந்தாலும் சங்ககிரி கோர்ட் சம்மன் அனுப்பி நினைவூட்டிவிடும்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து அடிப்பார்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, எங்கே மாறுகிறதோ அதைக் காட்டும். ஆங்கிலம் தெரிந்தவன் பாதிப் படித்து மீதியைத் தானே ஊகித்து அடிப்பான். பிழையைக் கண்டால் திருத்திவிடுவான். தெரியாதவன் ஒவ்வொரு எழுத்தையும் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்து அடிப்பான். ஆகவே அடிப்பவருக்கு ஆங்கிலம் தெரியவே கூடாது என்பது ஒப்பந்தத்தின் நான்காவது ஷரத்து. தோற்றவர்களின் மார்க் ஷீட்டுகளைக் காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து, பூஜை அலமாரியில் வைத்திருந்தார் முதலாளி. நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இருபது வருடம் பாடுபட்டு உருவாக்கிய மூலப்பொருள் அது. எந்த நாடும் போட்டிக்கு வர முடியாது.

ஆங்கிலம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். பி.ஏ. ஆங்கில இலக்கியம். இரண்டு பேர் அடித்ததில் மாறும் இடங்களை மூலத்தோடு பார்த்து, எது சரி என்று முடிவு செய்வது என் வேலை. தொற்றுநோய்க்காரனைப் போல என்னைக் கண்ணாடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள்.

செல்வமேரி அக்கா டைப்ரைட்டிங்கில் ஹையர் முதல் வகுப்பு. கணவர் தோமினிக் லாரியில் கிளீனராக இருந்து, லோடு சரிந்து முதுகு ஒடிந்து வீட்டில் கிடந்தார். இரண்டு பெண் குழந்தைகள். அக்காவின் சம்பளம் நின்றால் அன்றே அடுப்பும் நின்றுவிடும். அக்கா அடிக்கும் அதே பக்கத்தை எதிர் அறையில் அடிப்பவர் கந்தவேல். திருச்செங்கோட்டுப் பக்கம். ஆங்கிலத்தோடு கணக்கிலும் தவறியவர் என்பதால் அவருக்குக் கூடுதல் மரியாதை. அவருடைய ஒரே கவலை செருப்பு. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே கழற்றி விட வேண்டும் என்பது சட்டம். வெளியே விட்ட செருப்பு இரண்டு முறை காணாமல் போனது. மூன்றாவது ஜோடியைச் செய்தித்தாளில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஒன்றரை வருடம் நன்றாகப் போனது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் அக்கா என் அறைக்கு வந்தார்.

"சார், ஒருத்தர் 1981ல பொறந்து 1953ல செத்திருக்காரு."

"பேப்பர்காரன் தப்பா அச்சடிச்சிருப்பான். இருக்கறபடியே அடிங்கக்கா."

"அறுபத்திரெண்டு வயசுன்னு கீழ போட்டிருக்குது சார். கழிச்சுப் பாத்து 1891ன்னு அடிச்சுட்டேன். பாவம், பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாருன்னு ஆயிருமில்ல."

எது பிறந்த வருடம், எது இறந்த வருடம் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அக்கா கதவைச் சாத்தினார்.

"ஒரு நாளைக்கு அறுபது பேரு சார். ஒன்றர வருசம். கல்லுன்னாலும் கொஞ்சம் கரையாதா? மொதல்ல பொண்டாட்டிங்கற வார்த்த தெரிஞ்சுது. அப்பறம் கோயிலு, ஆஸ்பத்திரி. இப்ப எல்லாந்தான். வெளிய சொல்லிராதீங்க, கும்புட்டுக்கறேன்."

பள்ளிக்கூடத்தால் ஏழு முறை முடியாததை, செத்துப்போன அமெரிக்கர்கள் ஒன்றரை வருடத்தில் முடித்திருந்தார்கள்.

போகும்போது வாசலில் நின்றார். "செத்தவருக்கு மீன் பிடிக்கறது பிடிக்கும்னு எழுதறாங்களே சார், அதெல்லாமா போடுவாங்க? நம்மூருல அகால மரணம், கண்ணீர் அஞ்சலின்னு போட்டு முடிச்சுக்கறாங்க. நான் செத்தா நீங்க எழுதுங்க. மீன் பிடிக்கத் தெரியாது, மேட்டூர் மீனு கெடச்சா நல்லா வறுப்பான்னு போடுங்க."

கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் காட்டியது. கந்தவேல் 1981, அக்கா 1891. விதிப்படி நான் 1981ஐ வைத்துக்கொள்ள வேண்டும். 1891ஐ வைத்துக்கொண்டேன். செத்தவருக்குச் செய்த நல்லது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். மூலத்தில் பிழை இருக்கிறது, எங்கள் பிளாப்பியில் இல்லை. யாரோ படித்துவிட்டு அடிக்கிறார்கள். அந்த ஆள் வெளியே போகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. இதை நான்தான் மொழிபெயர்த்தேன்.

அர்த்தநாரிக்கு வியர்த்துவிட்டது. "ஏனுங்க, படிச்சவன் ஒருத்தன் உள்ள பூந்துட்டான்னா சொல்றாரு? நம்ம ஊட்டுல அப்பிடி ஆரும் இல்லீங்கன்னு சொல்லுங்க தம்பி! மார்க் ஷீட்ட எடுத்துக் காட்டுங்க!"

காட்டினேன். வெள்ளைக்காரர் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். ஆனாலும் தானே சோதிப்பதாகச் சொல்லி, அடித்துக்கொண்டிருந்தவர்களின் பின்னால் ஒவ்வொருவராக நின்று, குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிக்கொண்டே வந்தார். செல்வமேரி அக்காவிடம், உங்கள் சேலையில் நெருப்புப் பிடித்திருக்கிறது என்றார். அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் மடங்கியதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

எதிர் அறையில் கந்தவேலின் பின்னால் நின்று, உன் நாற்காலிக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்றார்.

கந்தவேல் சடாரென்று குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் சொன்னதை முதலாளிக்கு மொழிபெயர்த்தேன். முதலாளி கந்தவேலின் சட்டையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தார்.

"அட நாசமாப் போறவனே, எத்தன நாளா இங்கிலீசு தெரியும் உனக்கு?"

"எனக்குங்களா? காளியாத்தா சத்தியமாத் தெரியாதுங்க! பொறவால நின்னு என்னமோ சொன்னாருங்க. செருப்பப் பாத்துட்டாராட்டமிருக்குதுன்னு பயந்துட்டனுங்க!"

"பாம்புன்னாரு, குனிஞ்ச. செருப்புங்கற. கதையா உடற?"

செருப்புப் பொட்டலத்தைக் கந்தவேல் எடுத்துக் காட்டினார். யாரும் அதை மதிக்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். 1891ஐ வைத்தவன் நான் என்று சொல்ல எனக்கு இரண்டு மொழிகளில் வசதி இருந்தது. ஒன்றிலும் சொல்லவில்லை. கணக்கைத் தீர்த்து அனுப்பச் சொன்னார் முதலாளி. கந்தவேல் அழுதார்.

அப்போது செல்வமேரி அக்கா எழுந்து வந்து வெள்ளைக்காரரின் முன்னால் நின்றார். சேலைத் தலைப்பைத் தூக்கிக் காட்டினார்.

"மை சாரி. நோ ஃபயர்" என்றார்.

பிறகு கந்தவேலைக் கைகாட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். "ஹி வாஸ் எ கைண்ட் மேன். லவ்டு பை ஆல் ஹூ நியூ ஹிம்."

அன்பான மனிதர், அறிந்த எல்லோராலும் நேசிக்கப்பட்டவர். செத்தவர்களுக்குப் போடும் வரி. அக்காவிடம் இருந்த ஆங்கிலமெல்லாம் செத்தவர்களுக்கு ஆனதுதான். உயிரோடிருந்த ஒருவனைக் காப்பாற்ற அதையே எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளைக்காரருக்குப் புரிந்தது. அருமை, அருமை என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே என்னிடம், இந்த அம்மாவை இன்றே அனுப்பிவிடச் சொல்லுங்கள் என்றார். மொழிபெயர்த்தேன். அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவையிருக்கவில்லை.

"ஏம்மா," என்றார் அர்த்தநாரி, நிஜமாகவே மனம் நொந்து, "ஏழு மார்க் ஷீட்ட நம்பித்தான வேல குடுத்தேன்? இப்பிடிப் படிச்சுப்போட்டு நம்பிக்கத் துரோகம் பண்ணிட்டியே!"

அந்த வாரமே ஒப்பந்தம் இரண்டு மடங்கானது. பன்னிரண்டு கம்ப்யூட்டர் நாற்பதாயிற்று. அர்த்தநாரி ரோட்டரி சங்கத்தில் 'இளைஞர்களும் கணிப்பொறியும்' என்று பேசினார். பேச்சை நான் எழுதிக் கொடுத்தேன். அறிவைப் பெருக்குங்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது.

அக்கா அடுத்த தேர்வில் எட்டாவது முறையாக ஆங்கிலம் எழுதினார். நாற்பத்தாறு மார்க். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் டிகிரி கேட்டார்கள். தோற்றபோது அவர் ஆயிரத்தில் ஒருத்தி. ஜெயித்ததும் பத்தோடு பதினொன்று ஆகிவிட்டார். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். போன மாதம் மஞ்சள் காமாலை. முப்பத்தேழு வயது.

அடக்கத்துக்குக் கந்தவேல் வந்திருந்தார். புதுச் செருப்பைக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தார். மண் போட்டு முடித்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு அக்கா என்னையப் பத்தி என்னமோ சொல்லுச்சுங்களே. என்னன்னு இதுவரைக்கும் ஆரும் சொல்லலீங்க."

சொன்னேன்.

"என்னைய ஆருங்க அப்பிடி நெனச்சாங்க? அது அக்காவுக்குத்தானுங்க பொருந்தும்" என்றார்.

மறுநாள் மாலைப் பேப்பர் ஆபீசுக்குப் போனேன். அறிவிப்புக்கு நான்கு வரிதான் இடம் என்றார்கள். செல்வமேரி, வயது 37. கணவரும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். அன்பான மனிதர், அறிந்த எல்லோராலும் நேசிக்கப்பட்டவர். மேட்டூர் மீன் கிடைத்தால் நன்றாக வறுப்பார்.

மீன் வரியைப் பார்த்துக் குமாஸ்தா சிரித்தார். "இது எதுக்கு சார், எடுத்துரலாமே? திருத்தித் தரேன்."

"இருக்கறபடியே போடுங்க" என்றேன்.