போர்டுக்கு வைத்த பொட்டு

அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "விஜயதசமியன்னிக்கு ஓடலைன்னா மெஷினை யார்னா கேட்டா குடுத்துடு கண்ணு. சும்மா பாத்துக்கினு குந்த என்னால முடியாது."

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். ஆட்டோ கவிழ்ந்து இரண்டு காலும் செயலிழந்த பிறகு, மிதித்துத் தைக்கும் அந்த மெஷின் ரெக்சின் உறை போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், விடுவேனா? சக்கரத்தைச் சுழற்ற ஒரு மோட்டார், அதை ஆட்டிவைக்க உள்ளங்கையளவு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அப்பா முழங்கையால் அழுத்த ஒரு பட்டன். முழங்கையை எடுத்தால் மோட்டார் நிற்க வேண்டும்.

நின்றது. ஆனால் நிற்கும்போதெல்லாம் போர்டை உதைத்தது. ஓடும் மோட்டாரின் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் அது சும்மா போகாது, பல மடங்கு அழுத்தத்தோடு போர்டின் மேல் பாயும். இரண்டு போர்டு புகைந்து செத்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடினேன். அந்த உதையை மோட்டாருக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்க ஒரு டையோடு. மோட்டாருக்கும் போர்டுக்கும் தனித்தனி மின்சாரம். மோட்டார் சிக்கினால் தானே உருகிக் காப்பாற்ற ஒரு ஃப்யூஸ். எல்லாம் மாட்டி, கை வலிக்கும்வரை பட்டனை அழுத்தி அழுத்தி விட்டேன். போர்டு அசரவில்லை. ஐயோ, என்ன சந்தோஷம்! இனி எமனே வந்தாலும் ஒன்றும் பண்ண முடியாது என்று வீடெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அம்மாவை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலிலிருந்து இஸ்திரிப்பெட்டிவரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அன்று எதையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் புதிதாகச் சந்தனம் கரைத்து மறுபடி வைத்து, மெஷின் சக்கரத்தில் மல்லிச் சரம் சுற்றி, கற்பூரம் காட்டினாள். அப்பா சக்கர நாற்காலியில் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

பட்டனை யாரும் தொடவே இல்லை, மோட்டார் வெறி பிடித்தாற்போல் ஓடியது! மல்லிச் சரம் சுருண்டு அச்சில் இறுகியது. ஓர் உறுமல், ஒரு 'டப்'. எல்லாம் அடங்கிவிட்டது.

குனிந்து பார்த்தால், போர்டின் நட்டநடுவே ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க!"

"இன்னாத்துக்குக் கத்துற? உங்கப்பாவுக்கு உழைக்கப் போறது அதானே? அதுக்கு மட்டும் பொட்டு வைக்காம வுட சொல்றியா?"

அந்த ஈரம் கம்பிக்குக் கம்பி பாலம் போட்டு, 'ஓடு' என்று மோட்டாருக்குப் பொய்யாகச் சொல்லியிருக்கிறது. அப்பா நாற்காலியைத் திருப்பினார்.

"இருப்பா! போகாத!"

சரத்தை பிளேடால் அறுத்தெடுத்தேன். ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்து போர்டைத் தேய்த்து, ஹேர் டிரையரால் காயவைத்தேன். ஃப்யூஸ் கருகியிருந்தது. புதிதை மாட்டினேன்.

"இன்னா கண்ணு, உசுரோட கீதா?"

போர்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"கீதுப்பா! கீது!"

அப்பா திரும்பி வந்து முழங்கையால் பட்டனை அழுத்தினார். ஊசி இறங்கி ஏறியது. எடுத்தார், நின்றது. மறுபடி அழுத்தினார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் ஜாக்கெட் துணியைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ மெஷினை மூடியிருந்த ரெக்சின் உறையை எடுத்து, கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டினார். போர்டை அளவெடுத்துச் சின்னதாக ஓர் உறை தைத்து, தன் கையாலேயே அதற்கு மாட்டினார். பிறகு சந்தனக் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தா, இப்ப இதும்மேல வை."