ரசமட்டத்தின் கணக்கில் விழுந்த பணம்

அப்பாவை வேலை இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக்குமிழி மிதக்கும். அதன் பெயர்தான் ரசமட்டம். அப்பா டைல்ஸ் பதிக்கிறவர். கருவியைக் கீழே வைக்கவே மாட்டார் என்பதால் அதன் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அதே புத்திதான். யாராவது வந்தால் முதலில் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் காலுக்கடியில் எதையாவது மடித்துச் செருகிவிட்டுத்தான் "இப்ப உக்காருங்க" என்பார். வரி அலுவலகத்திலிருந்து வந்த முதல் உறை அப்படித்தான் எங்கள் சாப்பாட்டு மேஜையின் காலுக்கடியில் போனது. அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. பிரித்தார், படித்தார், புரியவில்லை. தடிமன் சரியாக இருந்தது.

நான் பாலங்களில் அதிர்வு அளக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு விரிசலைப் பார்த்தால் அது எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போவது என் பழக்கம். அப்பாவின் விஷயத்தில் அப்படிப் போக அதிக தூரம் இல்லை.

அப்பா முதலில் ஒரு டைல்ஸ் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். அங்கே மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிறகு சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்தார். பிடிக்க முதலாளி இல்லை. அதனால் வரியும் இல்லை என்று முடிவு செய்துகொண்டார்.

"பிடிக்கிறவனே இல்லன்னா பிடித்தம் எங்கேருந்து வரும்?" என்பார். அம்மா விடாமல் கேட்டால், "கட்டாமலா இருக்கேன்? சிமென்ட்டுக்குக் கட்டறேன், டீசலுக்குக் கட்டறேன், குளிக்கிற சோப்புக்குக் கட்டறேன். மூச்சு விடறதுக்கும் ரசீது போட்டா அதுக்கும் கட்டறேன்" என்பார். அது ஒரு தவறு. அதற்கு உரிய தண்டனை உண்டு. அதோடு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அவர்கள் நான்கு பேர். அப்பா, பிளம்பர், எலக்ட்ரிசியன், பெயின்டர். அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருவர் குளியலறை வேலை முழுவதையும் இவர்களிடம் விட்டார். குழாய் போடுவது முதல் கடைசிப் பூச்சு வரை. ஒரே ஒரு நிபந்தனை: நாலு பேருக்குத் தனித்தனியாகப் பணம் போட முடியாது, யாராவது ஒருவர் கணக்கைக் கொடுங்கள். கடையில் வேலை பார்த்த காலத்து வங்கிக் கணக்கு அப்பாவிடம் ஒழுங்காக இருந்தது. கொடுத்தார்.

பணம் விழும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து வருவார். வேனின் பின்கதவைத் திறந்து, டைல்ஸ் தூசி படிந்த பலகையில் நாலு பங்காக வைப்பார். பள்ளிக்கூட நாட்களில் நான் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"ரசமட்டம், என் பங்குல ஒரு நோட்டு கிழிஞ்சிருக்கு" என்பார் பெயின்டர்.

"நீ அடிச்ச செவுரை விடப் பரவாயில்ல. வெச்சுக்க."

"கிழிஞ்சத எனக்குக் குடு, ஒட்டிக்கறேன்" என்பார் பிளம்பர். "ஒழுகறத அடைக்கறதுதானே எனக்குத் தொழில்."

"நீ அடைச்சதுதான் மூணாவது மாடியிலேருந்து ரெண்டாவது மாடிக்கு ஊத்திட்டு இருக்கு."

சிரிப்பார்கள். எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். எண்ணினால் அவமரியாதை. கையெழுத்து கேட்டால் அதைவிடப் பெரிய அவமரியாதை. அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"யாருக்குக் குடுத்தீங்களோ அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வெச்சா என்ன குறைஞ்சு போகும்?"

"கூடப் பொறந்தவன்கிட்ட யாராவது கையெழுத்து வாங்குவாங்களா?"

"அவங்க என்ன உங்ககூடவா பொறந்தாங்க?"

"ஒரே பாத்ரூம்ல வருஷக்கணக்கா சேர்ந்து முட்டி போட்டிருக்கோம். கூடப் பொறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான்."

அம்மாவே சிரித்துவிட்டாள்.

வரி அலுவலகத்துக்கு அந்தச் சனிக்கிழமைகள் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு கணக்கு, அதில் விழுந்த தொகை, கணக்கு வைத்திருப்பவர் ஒருவர். நாலு பேரின் கூலி ஒரு ஆளின் வருமானமாகப் பதிவானது.

நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது மேஜையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது உறைகளைப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒழுங்காக மடித்து. கடைசி உறையைப் பிரிக்கவே இல்லை. நான் பார்ப்பதற்கு முன்பே மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்திருந்தது.

"இதென்னப்பா?"

"மேஜை ஆடிச்சும்மா."

ஆடிட்டரின் அறை ஒரு மாடிப்படியின் உச்சியில் இருந்தது. குளிர்சாதனம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பாவை முதலில் உட்காரச் சொன்னார்.

"இதெல்லாம் உங்க வருமானமாங்க?"

"கால்வாசி எனது. மீதி பங்காளிங்களுது."

"குடுத்ததுக்கு ஏதாவது ஆதாரம்?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லக் கூடாத வார்த்தையை யாரோ சொல்லிவிட்டது போல.

"ஐயா, சொந்தமாத் தொழில் செஞ்சு வரி கட்டாம விட்டீங்க. அதுக்கு வரி, அது மேல வட்டி, அது மேல அபராதம். உங்க பங்குக்கு மட்டும்னா கஷ்டப்பட்டாவது கட்டிடலாம். இப்ப நாலு பேரோடதும் உங்க தலைமேல உக்காந்திருக்கு."

"இறக்கி வைக்க வழி இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு. அந்த மூணு பேரும் எங்க பங்கை நாங்க வாங்கிட்டோம்னு எழுத்துல குடுக்கணும். மறுபடி பாக்கச் சொல்லி மனு போடலாம். இவருக்கு முக்கால்வாசி குறையும். ஆனா அவங்களுக்குத் தனித்தனியா நோட்டீஸ் போகும். அதையும் சொல்லிக் கேளுங்க."

இறங்கும்போது அப்பா படிக்கட்டின் டைல்ஸை விரல் முட்டியால் தட்டினார். "உள்ள ஒண்ணுமே பிடிக்கலை. காலியா கேக்குது பாரு" என்றார்.

அப்பாவுக்கு யாரிடமும் போய்க் கேட்கப் பிடிக்கவில்லை. நான்தான் கேட்டேன். பெயின்டர் மகனோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டிருந்தார். பழைய எண் வேலை செய்யவில்லை. எலக்ட்ரிசியன் "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றார். சொல்லவில்லை. பிளம்பர் மிச்சம். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அம்மாவைத் தங்கச்சி என்பார். அவர் நான் கேட்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி வைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க, ரசமட்டம்."

"என்ன கேட்டாங்க மாமா?" என்றேன்.

"உங்கப்பாகிட்ட பங்கு வாங்கினீங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "வாங்கவே இல்லைன்னு சொல்லிட்டேன். எப்பவாவது கூலிக்குப் போவேன், அவ்வளவுதான்னேன். வீட்டுக் கடன் ஓடிட்டு இருக்கு. பையன் இப்பதான் படிப்ப முடிக்கறான். பயந்துட்டேன்ப்பா."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"கையெழுத்து வாங்கிட்டாங்க."

எங்களுக்கு அவர் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன்.

"சரி" என்றார் அப்பா. "டீ ஆறுது, குடி."

பிளம்பர் குடித்து முடிப்பதற்குள் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு எல்லாம் வரிசைப்படி நடந்தது. வங்கிக் கணக்கை முடக்கினார்கள். வேனை ஜப்தி செய்ய இரண்டு பேர் வந்தார்கள். அப்பா அவர்களைக் காத்திருக்கச் சொல்லி, பின்பலகையை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். கரணையும் ரப்பர் சுத்தியும் ரசமட்டமும் வீட்டுக்குள் வந்தன. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று உத்தரவு வந்தது. கட்டடக்காரருக்கு ஒரு கடிதம் போனது: இவருக்குத் தர வேண்டியது எதுவாக இருந்தாலும் எங்களிடம் கட்டுங்கள். அதோடு அவர் அப்பாவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் கேள்விப்பட்டார்கள். வேலை செய்தால்தான் கடன் அடையும். வேலை கொடுத்தால் தங்கள் மேலும் கண் விழும் என்று எல்லோருக்கும் பயம். நான் சம்பளத்திலிருந்து கட்டினேன். வட்டி என்னைவிட வேகமாக நடந்தது.

குளியலறை வேலைகள் நிற்கவில்லை. கட்டடக்காரர் அவற்றைப் பிளம்பரிடம் கொடுத்தார். பணம் இப்போது பிளம்பரின் கணக்கில் விழுந்தது. ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது.

"ரசமட்டம், தரைக்கு ஆள் இல்லாம முழிக்கறேன். வரியா?"

"போகாதீங்க" என்றாள் அம்மா.

"வேற யாரு கூப்பிட்டா?" என்று அப்பா முட்டிப் பட்டையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிளம்பர் வீட்டுக்கே வந்து கூலியை மேஜையில் வைப்பார். முதல் தடவை நானும் வீட்டில் இருந்தேன். அப்பா பேனாவோடு காத்திருந்தார்.

"ஒரு துண்டுத்தாள் குடு. வாங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன். நாளைக்கு உனக்கு உதவும்."

பிளம்பரின் முகம் சுருங்கிவிட்டது. "உன்கிட்டயா? நான் கையெழுத்து வாங்கறதா? அட போப்பா."

"நான் பட்டுட்டேன், சொல்றேன். வாங்கிக்க."

"குத்திக் காட்டறியா?"

"இல்லப்பா."

"அப்படின்னா பேனாவ உள்ள வை."

அப்பா உள்ளே வைத்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு வற்புறுத்தத் தெரியாது. அடுத்த சனிக்கிழமையும் எதுவும் எழுதப்படவில்லை. அதற்கடுத்ததும்.

நெஞ்சு வலிக்கிறது என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "அங்க போனா அவ கட்டுவா. ஏற்கெனவே கட்டிட்டுதான் இருக்கா" என்றாராம். எனக்கு இது பிறகுதான் தெரியும். ஒரு நாள், பாதி பதித்த ஒரு குளியலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மடியில் ரசமட்டம். தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் வெளிக்குழாயைப் பார்க்கப் போய்விட்டதாகப் பிளம்பர் சொன்னார். அவர் அழுதார். அது பொய் அழுகை இல்லை.

அப்பாவைக் கூடத்தில் கிடத்துவதற்காக மேஜையை நகர்த்தினார்கள். நான் உறைகளை எடுத்த பிறகு அதன் காலுக்கு அப்பா ஒரு டைல்ஸ் சில்லை உடைத்து வைத்திருந்தார். மேஜையைத் திரும்பப் போட்டபோது அந்தச் சில்லை யாரும் வைக்கவில்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் பிளம்பர் மறுபடி வந்தார். வேனில் வரவில்லை. கையில் ஓர் உறை. எனக்கு அந்த உறையின் நிறம் தெரியும்.

"நீ படிச்ச பொண்ணு. என்னன்னு பாரும்மா."

பார்த்தேன். தொகைதான் வேறு. பணத்தைப் பிரித்துக் கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். அவரிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

"அப்பா என்கிட்ட வாங்கின கூலிய, வாங்கினார்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா என் கணக்குல குறையுமாம். வாரிசு எழுதலாமான்னு விசாரிச்சுட்டேன். மத்தவங்க யாரும் எழுத மாட்டேங்கறாங்க."

அவர் கணக்கில் குறைவது அப்பாவின் கணக்கில் ஏறும். அப்பாவின் கணக்கில் இனி எடுக்க இருப்பது இந்த வீடு ஒன்றுதான். இதில் அம்மா இருக்கிறாள். இதைக் கணக்கிட எனக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அப்பா வாங்கியது உண்மை. இந்த மேஜையில், என் கண் முன்னால். அவர் பேனாவோடு உட்கார்ந்திருந்ததும் உண்மை.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

"எதை வாங்கினார்?"

"கூலி, தங்கச்சி. வாராவாரம் குடுத்தேனே."

"அவர் வாங்கவே இல்லையே" என்றாள் அம்மா.

குரலை உயர்த்தவில்லை. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பிளம்பர் என் பக்கம் திரும்பினார். நான் மறுத்துப் பேசுவேன் என்று காத்திருந்தார். தரையைப் பார்த்தேன். அப்பா பதித்த தரை. எங்கேயும் மேடு பள்ளம் இல்லை.

அவர் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.

"டீ போட்டிருக்கேன். குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் அம்மா.

கொண்டுவந்து வைத்தாள். அவர் முழங்கையை ஊன்றியதும் மேஜை ஆடியது. டீ கொஞ்சம் சிந்தியது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் மேஜையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் குடித்து முடித்தார்.