சனிக்கிழமை மாத்திரை

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அதற்கான மாத்திரை புழக்கத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே விழுங்கலாம், வயலுக்கும் போகலாம் என்றார் சென்னை டாக்டரம்மா. தினமும் ஒன்று. சாப்பிட்டவுடன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வரும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உத்திரமேரூர் திரும்பியதும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, சாலவாக்கம் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். 'காலை எட்டு மணி. சாப்பிட்ட பிறகே. வெறும் வயிற்றில் கூடவே கூடாது.' கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடுகள். தினமும் என்று எழுதவில்லை. அதைக்கூடவா எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

மாதம் பிறந்தால் சென்னைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் டவுன் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போய், "ஒழுங்கா போடறியா?" என்று கேட்பேன். "போட்டுக்கினுதான் கீறேன்" என்பார். நோட்டில் அந்த வாரத்துக்கு ஏழு டிக் போடுவேன். அளவுக்குமேல் பெருகியிருந்த வெள்ளை அணுக்கள் முதல் இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் வேகமாகக் குறைந்தன. கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வீங்கியிருந்ததே தவிர, அண்ணன் நடவுக்கே இறங்கிவிட்டார்.

மூன்றாவது பரிசோதனையில் எண்ணிக்கை மறுபடி ஏறியிருந்தது. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டைப் பிரித்துக் காட்டினேன்.

"இந்த டிக்கெல்லாம் யாரு போட்டது?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான்."

"அவரு முழுங்கறதைப் பாத்துட்டா போட்டீங்க?"

நான் நோட்டை மூடினேன். "இப்படியே விட்டா மருந்து கேக்காமலே போயிடலாம். அடுத்த மருந்துக்கு எங்கே போறது? வீட்டுல எத்தனை மிச்சம் இருக்குன்னு முதல்ல எண்ணுங்க" என்றார். மாதாமாதம் நானே வாங்கிக் கொடுத்த மாத்திரையை ஒருமுறைகூட எண்ணியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் மாத்திரையைக் கேட்டேன். நடப்பு மாதத்து அட்டையோடு, சாமி மாடத்திலிருந்து ஒரு சின்ன டப்பாவையும் எடுத்து வந்தார். உள்ளே உறை பிரிக்காத மாத்திரைகள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்தவை. எண்ணினேன். இருபத்தொன்று.

"இன்னா அண்ணி இது?"

"சனிக்கெழமதுங்க தம்பி. பத்திரமாத்தான் வச்சிக்கீறேன்."

"சனிக்கிழமை ஏன் போடல?"

"ஒருபொழுதாச்சே! ஒங்க அண்ணன் ஒடம்பு தேறணும்னு பெருமாளுக்கு வேண்டிக்கினோம். காத்தால பச்சத்தண்ணி பல்லுல படாது. மொத வாரம் அப்டியே மாத்திரய போட்டுட்டு, மாட்டுக்கொட்டா பக்கம் ஒரே வாந்தி. நீங்கதான வெறும் வயித்துல கூடவே கூடாதுன்னு செவப்புல கோடு போட்டு ஒட்னீங்க?"

"நீ எழுதன மாதிரிதாண்டா நடந்துக்கினோம்" என்றார் அண்ணன்.

"ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு வாயால சொன்னேனே!"

"ஆறு நாள் போடறேன் இல்ல? ஆபீசுக்கு நீ வாரத்துல ஒருநாள் லீவு வுடல?"

"மத்தியானம் படையல் போட்டுட்டு சாப்பிடறியே, அப்ப போட்டிருக்கலாமில்ல?"

"எட்டு மணின்னு போட்டு வச்சிக்கீற. மணி தப்பிச்சின்னா மருந்து வேல செய்யுமோ செய்யாதோ, எனக்கு இன்னா தெரியும்?"

யார்மேல் கோபப்படுவது? அவர்கள் எதையும் மீறவில்லை. நோய் தீர வேண்டும் என்று விரதம் இருந்தார்கள். விரதத்தில் மருந்து கெட்டுவிடக் கூடாது என்று நிறுத்தியும் வைத்தார்கள். ஐந்து மாதம், அந்தத் தாளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வாராவாரம் டிக் போட்டிருக்கிறேன்.

அண்ணன் டப்பாவை எட்டிப் பார்த்தார். "இத்தினி கீதே, இனிமே ரெண்டு ரெண்டா போட்டா கணக்கு நேராப்பூடாதா?"

நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மறுநாளே விடுப்புப் போட்டு, டப்பாவோடு மறுபடி சென்னைக்குப் போனேன். சனிக்கிழமை மட்டும் மதியச் சாப்பாட்டோடு போடலாமா என்று கேட்டேன். "அன்னைக்கு மட்டும் எதுக்கு? எல்லா நாளும் மத்தியானமே போடட்டும். நாள் தவறக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. ஒரு நிமிடத்தில் முடிந்த பேச்சு. மிச்சமிருந்த மாத்திரைகளை அங்கேயே ஒப்படைத்தேன்.

பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்டினேன். சனிக்கிழமைகளில் மதியம் நேரில் போய் நின்றேன். "வாயத் தொறந்து காட்டவா?" என்று அண்ணன் சிடுசிடுத்தார். அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை இறங்கியது. ஆனால் முன்பு இருந்த இடத்துக்கு வரவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

அண்ணியிடம் அதைச் சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப செவ்வாக்கெழமயும் முருகனுக்கு ஒருபொழுது இருக்கச் சொல்றேன் தம்பி."

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?" என்று கேட்டேன்.