மாமாவின் கல்குலேட்டரும் கூடாத மூன்றும்

மூன்று என்ற எண்ணால் ஒரு பொருளைக் கொல்ல முடியும் என்று ஒன்பதாம் வகுப்பில் நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் கொன்றும் விட்டேன்.

காரணம் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேர். எட்டை எழுதி, கோடு போட்டு, கீழே x − 3 என்று எழுதினார். "x-க்கு எதை வேணும்னாலும் போடுங்க. மூணை மட்டும் போட்டுறாதீங்க. பகுதி பூச்சியமாயிரும். கோவை, அதான் இந்த முழுக் கணக்கும், அந்த எடத்துலயே செத்துரும்" என்றார். போடாதே என்ற பிறகு கை சும்மா இருக்குமா?

கடுகண்ணாவையில் மாமாவின் கடைக்குப் பின்கட்டில் தங்கித்தான் நான் படித்தேன். மாமாவிடம் குவைத்திலிருந்து வந்த கல்குலேட்டர் ஒன்று இருந்தது. அதற்குப் பற்றரியே வேண்டாம். எப்படி என்று கேட்டால், "வெளிநாட்டுச் சாமான்டா" என்பார். அவருக்கும் தெரியாது. "இதுல கை வச்சே, கண்டிப் பெரஹராவுல யானை ஊர்வலம் பாக்குறது கெடையாது, சொல்லிட்டேன்" என்பதும் அவர் வாக்கு.

மாமா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம். x-க்கு நான்கு போட்டேன், எட்டு வந்தது. ஐந்து போட்டேன்; நான்கு வந்தது. அப்புறம் மூன்று. எட்டைப் பூச்சியத்தால் வகுத்ததும் மூலையில் 'E' என்றொரு எழுத்து குந்திக்கொண்டது. எந்த எண்ணை அமுக்கியும் அசையவில்லை. மாமாவின் இருமல் கேட்டது. ஓடிப்போய் அடுப்படி அரிசிப் பெட்டிக்குள் புதைத்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே மூடுபனி, உள்ளே இருட்டு. இப்போது அந்த எழுத்தும் இல்லை. முகம் வெறுமையாகக் கிடந்தது. பெரஹரா யானைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது.

உலை வைக்க வந்த மாமிதான் கண்டெடுத்தார். "ஏங்க, ஒங்க மிசினு அரிசிக்குள்ள கெடக்கு!"

மாமா உதறினார், ஊதினார். "செத்துருச்சே!"

"மூணு போட்டேன் மாமா" என்று அலறினேன்.

"மூணா? காலையிலருந்து நான் எத்தன மூணு போட்டேன்! அப்பல்லாம் சாகலியே?"

"நான் x-க்குப் போட்டேன் மாமா!"

"யாருக்குப் போட்டா என்னாங்க, புள்ள நடுங்குது பாருங்க" என்றார் மாமி.

ரேடியோ திருத்துகிறவரிடம் காட்ட மாமா வாசலுக்கு இறங்கினார். பனி விலகி வெயில் அடித்தது. அவர் உள்ளங்கையில் ஒரு பூச்சியம் முளைத்தது. தட்டிப் பார்த்தார், எல்லாம் சரி. அரிசியில் வைத்ததால்தான் உயிர் வந்தது என்று மாமி சொல்ல, மாமா அதையே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

பெரஹராவுக்கும் போனோம். மூன்றாவது யானை வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த கணக்குச் சோதனையில், கீழே x + 7 இருந்த கணக்கிலும் 'x மூன்றாகக் கூடாது' என்று எழுதி அடி வாங்கினேன்.

நடந்தது இவ்வளவுதான். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று மிசின் சொன்னது. அது வெளிச்சத்தில் ஓடும் மிசின். அரிசிப் பெட்டிக்குள் வெளிச்சம் இல்லை.