ஒற்றைக் காது இயர்போன்

என் மேசை இழுப்பறையில் இடது காதுப் பக்கம் செத்துப்போன வெள்ளை இயர்போன் ஒன்று வெகுநாள் கிடந்தது. அதைக் கூரியர் அக்காவிடம் கொடுத்த நாளிலிருந்துதான் எங்கள் பாட்டு நேரானது.

வாத்தியம் இல்லாமல் குரல்களாலேயே பாடுவதை விரும்பி இணையத்தில் கூடிய ரசிகர் குழு எங்களுடையது. ஒரு காதில் தாளத்தையும் மறு காதில் தன் குரலையும் கேட்டபடி அவரவர் வீட்டிலிருந்து பாடி அனுப்புவார்கள். அவற்றைக் கணினியில் இணைப்பதும், ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு. மேல்குரலுக்கு நிறையப் பேர் வந்தார்கள். அடியிலிருந்து பாட்டைத் தாங்கும் கீழ்க்குரல் மட்டும் அமையவில்லை.

அந்தக் குரல் ஒரு பகலில் போனில் வந்தது. "பார்சல் வந்துகீதும்மா. ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோ."

"சரிங்க சார்" என்றேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்தக் கடைக்குப் போனால், பெட்டிகளுக்கு நடுவே அதே குரலில் ஓர் அக்கா. "எல்லாரும் சாருன்னுதான் சொல்றாங்க. நானும் வுட்டுட்டேன்" என்றார். பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டின்போது வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்களாம். நான் பலமுறை கேட்ட பிறகு பாடச் சம்மதித்தார். ஆனால் முகத்தை யாருக்கும் காட்டமாட்டேன், பெண் என்றும் சொல்லக்கூடாது என்றார். வாக்குக் கொடுத்தேன்.

முதலில் வந்த பதிவுகளெல்லாம் சுருதி விலகியிருந்தன. தாளத்தின் டிக் டிக் ஒலியும் உள்ளே கசிந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு காதையும் அடைத்து, சத்தத்தை முழுதாக வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். "என் கொரலு எனக்கே கேக்கக் கூடாதும்மா." அதனால்தான் என் பழைய இயர்போனைக் கொடுத்தேன். அதில் ஒரு பக்கம்தான் கேட்கும்; மறு காது திறந்திருந்தே ஆகவேண்டும்.

பாட்டு முடியும் தறுவாயில் சிக்கல் வந்தது. கல்வராயன் மலையில் ஆசிரியராக இருந்த அண்ணன் எங்கள் நடுக்குரல். அவர் குழுவில் எழுதினார்: இது மென்பொருளில் செயற்கையாக இறக்கிய குரல் போலிருக்கிறது, அந்த ஆள் வீடியோவில் வந்து பாடட்டும், இல்லையென்றால் நீக்கிவிடலாம். மென்பொருளால் குரலை மாற்றக்கூடாது என்று விதி எழுதியவளே நான்தான். அது அசல் குரல்தான் என்று உறுதி சொல்லப் பலமுறை தட்டச்சு செய்தேன். எப்படி எழுதினாலும் அவர் யார் என்ற கேள்வியில் போய் நின்றது, அழித்துவிட்டேன். இனி ஒருமுறை வாயை அசைக்கச் சொல்லப்பட்டால் அவர் எங்குமே பாடமாட்டார் என்று எனக்குத் தெரியும். விஷயத்தை அக்காவிடம் சொன்னபோது, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீடியோவில் எல்லாரும் கூடிய அன்று சார்ஜ், நெட், மைக் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து, மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன். அக்காவின் கட்டம் கறுப்பாகவே இருந்தது. சிக்னலுக்காக மலைச்சாலை வளைவில் நின்ற அண்ணனின் படம் பாதிக் கண் மூடியபடி உறைந்துவிட்டது; குரல் மட்டும் வந்தது. "கேமராவ ஆன் பண்ணுங்க சார்."

அந்தக் கறுப்பிலிருந்து கீழ்க்குரல் எழுந்தது. இரண்டு அடி பாடியிருப்பார். குறுக்கே வேறொரு ஆணின் குரல்: "இன்னாக்கா, பாடிக்கினு கீற? எம் பார்சலு வந்துச்சா?"

"இன்னாது, அக்காவா?" என்றார் உறைந்திருந்த அண்ணன்.

கறுப்புக் கட்டம் மறைந்து அக்காவின் முகம் வந்தது. வலது காதில் இயர்போன், கையில் ஒரு பெட்டி. "ஆமா, அக்காதான். குடுத்துட்டு வரேன், இருங்க." கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விட்ட இடத்தில், அதே சுருதியில் தொடங்கினார்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. முதல் சம்பளத்தில் அவருக்கு நல்ல ஹெட்போன் அனுப்பினேன். அது அவர் கடைக்கே போய்ச் சேர்ந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நல்லாதாம்மா கீது. ஆனா ரெண்டு காதும் அடச்சிக்கிது. கடைக்கு ஆளு வந்தா எப்டி கேக்கும்?" சற்று நிறுத்தி, "நான் பாடறதும் கேக்கணும்ல" என்றார்.

நேற்று அவர் அனுப்பிய வீடியோப் பதிவிலும் அந்த வெள்ளை இயர்போன்தான். செத்த பக்கம் கழுத்தில் தொங்குகிறது.