சிப் அக்காவின் எட்டுக்கால் பூச்சி

ஈயப் பற்றை உருக்கச் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னை எடுத்தால், டிவி ரிப்பேர் செய்யும் சிப் அக்கா முதலில் அதைக் காட்டுவது டிவி போர்டுக்கு அல்ல, தன் இடது மணிக்கட்டுக்கு. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கைக்குழந்தையின் பாலுக்குச் சூடு பார்க்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துப் பார்த்துக்கொள்வார். எத்தனை டிகிரி என்று கருவியின் முகப்பிலேயே எண் எரிகிறது. அதை அவர் சட்டை செய்வதில்லை. "அது ஆயிரம் சொல்லும். சுடப்போறது அதையா, என்னையா?" என்பார்.

கை சரி என்று சொன்ன பிறகுதான் போர்டின் பக்கம் திரும்புவார். அங்கே ஒரு மூலையில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக, பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் ஊன்றி ஒரு கறுப்புச் சிப் உட்கார்ந்திருக்கும். பழைய டிவியின் சாஃப்ட்வேர் மொத்தமும் அதற்குள்தான் குடியிருக்கிறது. எந்த எண்ணை அமுக்கினால் எந்தச் சேனல், சத்தம் எவ்வளவு, நிறம் எவ்வளவு, எல்லாம் அதற்குத்தான் தெரியும். அது கெட்டுப்போனால் டிவிக்குக் கரண்ட் வரும், சிவப்பு லைட் கண் சிமிட்டும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. "உயிர் இருக்கு, நினைவுதான் இல்ல," என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிடுவார்.

சிப்புக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பூச்சி. "உங்க டிவிக்குப் பூச்சி மாத்தணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கேட்டவர்கள் பதறிப்போவார்கள். "பூச்சியா? வீட்ட அவ்ளோ சுத்தமா வெச்சிருக்கோமேக்கா" என்று சண்டைக்கு வந்த ஒரு அம்மாளைச் சமாதானப்படுத்த அக்காவின் வீட்டுக்காரர் படாத பாடு பட்டார்.

வீட்டுக்காரருக்குக் கடையின் முன்பக்கம். ரிமோட் விற்பது, டிவியைத் தூக்கி வைப்பது, வாய் ஓயாமல் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. அக்காவுக்குப் பின்பக்கம், சுவரைப் பார்த்த மேஜை. மேஜைக்கு நேர் மேலே ஃபேன் இருக்கிறது, ஆனால் சிப் வெளியே இருக்கும்போது யாரும் அதன் ஸ்விட்சைத் தொடக் கூடாது. ஒருமுறை வீட்டுக்காரர் மறதியாகப் போட்டுவிட, பூச்சி நிஜமாகவே பறந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் டார்ச்சும் கையுமாகத் தரையில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அது அவருடைய முழங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க அக்கா அவரோடு பேசவில்லை. வியர்வையில் ஊறிக்கொண்டே வேலை பார்க்கிறாளே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறவர் அவர்தான், அக்கா இல்லை.

அக்காவும் சறுக்கியதுண்டு. ஒரே மாடல் டிவிதானே என்று ஒன்றின் சாஃப்ட்வேரை இன்னொன்றின் சிப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். மாடல் ஒன்று, உள்ளே இருந்த திரை வேறு. வீட்டுக்குப் போய்ப் போட்டால் படம் தலைகீழாக வந்தது. அக்கா வெட்கத்தோடு, கொண்டுவாருங்கள், சரி செய்து தருகிறேன் என்று ஃபோன் செய்தார். "எதுக்குக்கா சிரமம், நாங்க டிவியத் திருப்பி மாட்டிக்கிட்டோம்" என்றார் டிவியின் சொந்தக்காரர். அதை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் சிரிப்பு பாதி, மானம் போன வலி பாதி.

அதிலிருந்து பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பழக்கம். எந்தச் சிப்பைக் கழற்றினாலும் அதைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை லேப்டாப்பில் படித்து வைத்துக்கொள்வார். ஒரு தடவை படித்தால் நம்ப மாட்டார். மறுபடி மறுபடி படித்து, எல்லாம் ஒன்றுபோல வந்தால்தான் புதுச் சிப்புக்கு மாற்றுவார். மற்ற கடைகளில் அப்படியெல்லாம் மெனக்கெடுவதில்லை. புதுச் சிப்பில் புது சாஃப்ட்வேரை ஏற்றி, "சேனல நீங்களே வெச்சுக்குங்க" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். "வீட்டப் பெருக்கித் தர்றேன்னு வந்துட்டு, இருக்குற சாமானையெல்லாம் தெருவுல வீசுவாங்களா?" என்று அக்கா கேட்பார். பதில் சொல்ல எதிரே சுவர்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மா டிவியோடு வந்த அன்று மழை. ஆட்டோவிலிருந்து அதைப் போர்வை சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். தான் நனைந்திருந்தார், டிவி நனையவில்லை.

"அக்கா, இது எங்க அண்ணனோடது. அவனுக்குக் கண்ணு தெரியாது. பட்டறையில நடந்த விபத்துல போயிடுச்சு," என்றார். "நான் டூட்டிக்குப் போயிட்டா வீட்ல அவன் மட்டும்தான். டீ போட்டுக் குடுக்க, துணி எடுத்து வைக்க, எல்லாத்துக்கும் நான் வேணும். இந்த டிவி ஒண்ணுதான் அவனாப் போடுவான், அவனா மாத்துவான், அவனா நிறுத்துவான். விரல்லயே நம்பர் வெச்சிருக்கான். இது போனதுல இருந்து ஆளே சரியில்ல. நான் வேற டிவி வாங்கித் தர்றேன்னேன். 'இனி இதுக்கும் உன்னக் கூப்பிடணுமா'ன்னு கேட்டான். அப்புறம் பேசவே இல்ல. எந்த நம்பர்ல எது இருந்துச்சோ அங்கயே இருக்கணும்க்கா."

அக்கா டிவியின் சிவப்பு லைட்டைப் பார்த்தார், நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தார். "முன்ன இருந்த மாதிரியே வரும், போங்க" என்று சொல்லிவிட்டார். வழக்கமாகக் கழற்றிப் பார்க்காமல் அவர் வாக்குக் கொடுப்பதே இல்லை. வீட்டுக்காரர் ரிமோட் பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

சிப்பைக் கழற்றிப் படித்தால் ஒருமுறை ஒன்று வந்தது, மறுமுறை வேறு வந்தது. கால்களைத் துடைத்துப் படித்தார். கொஞ்சம் சூடு காட்டிப் படித்தார், ஆறவிட்டுப் படித்தார். டீ வந்து ஆடை கட்டி ஆறிப்போனது. கடைசியில் பெரும்பகுதி தேறியது, ஆனால் சேனல் வரிசை இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல வெறுமையாக இருந்தது. நிறக் கணக்கும் அதோடு போயிருந்தது.

"ஏம்மா, ஓடுற மாதிரி பண்ணிக் குடு. டிவி ஓடினாலே அவங்களுக்குச் சந்தோஷம்தான்," என்றார் வீட்டுக்காரர்.

"ஓடுறது அந்தத் தங்கச்சிக்குப் போதும். அந்த மனுஷனுக்கு ஆகாதுங்க," என்றார் அக்கா. புதுச் சிப்பைப் பற்றவைத்து, டிவியை மூடி, திருகுகளை முடுக்கிவிட்டு எழுந்தார். "தூக்குங்க. அவங்க வீட்டுக்குப் போறோம்."

கடையை விட்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறவர் அல்ல அக்கா. வழி முழுக்க வீட்டுக்காரர் அதையே சொல்லிக் கிண்டல் செய்துகொண்டு வந்தார். அக்கா காதில் வாங்கவில்லை. கொடுத்த வாக்கு பாதிதான் நிற்கிறது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே அவர் மனம் கிடந்தது.

அண்ணன் ஜன்னலோரம், டிவி இருந்த காலி மேஜைக்கு நேர் எதிரே, ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட். டிவி இல்லாத நாட்களிலும் அது அவர் மடியில்தான் இருந்தது என்றார் நர்ஸம்மா. டிவியை மேஜைமேல் வைத்ததும் அண்ணன் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். செய்தி வர வேண்டிய எண்ணில் ஏதோ விளம்பரம் கத்தியது. அவர் முகம் சுருங்கியது. உடனே நிறுத்திவிட்டார்.

"தம்பி, பழசு வரல. எவ்வளவோ பாத்துட்டேன், தேறல," என்றார் அக்கா, சுற்றி வளைக்காமல். "ஆனா உங்களுக்குத்தான் வரிசை தெரியுமே. சொல்லுங்க, வெச்சுடலாம். ஏழுல என்ன இருந்துச்சு?"

அண்ணன் யோசித்தார். "ஏழுல…" நெற்றியைத் தேய்த்தார். "தெரியலக்கா."

"பன்னெண்டுல?"

"தெரியலயே. தினம் போடுறேன். கேட்டா வர மாட்டேங்குது."

நர்ஸம்மா அழுதுவிடுவார் போலிருந்தது. அக்கா மட்டும் அண்ணனின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தெரியலை என்று சொல்லிக்கொண்டிருக்க, விரல் ரிமோட்டின் மேல் தானாக ஓர் இடத்துக்குப் போய் நின்றிருந்தது. நம்ம புத்தி ஏன் இவ்வளவு நேரம் மேயப் போச்சு என்று அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"தம்பி, நான் எதுவும் கேக்கல. இப்ப காலையில எந்திரிச்சாச்சு. தங்கச்சி டூட்டிக்குப் போயாச்சு. நீங்க டிவி போடுங்க."

அண்ணன் அமுக்கினார். கட்டைவிரல் கீழே இறங்கி, வலப்பக்கம் நகர்ந்து அழுத்தியது. திரையில் ஒன்பது என்று வந்தது.

"என்ன வரணும்?"

"நியூஸ். அந்தப் பொண்ணு வாசிப்பாளே, மூச்சு விடாம."

அக்கா ரிமோட்டை வாங்கி, மூச்சு விடாத பெண்ணைத் தேடிப் பிடித்து ஒன்பதில் உட்கார வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஆச்சு. அடுத்து?"

இப்படியே அவருடைய ஒரு முழு நாளை நடத்திப் பார்த்தார்கள். ரிமோட் கை மாறிக் கை மாறிப் போய் வந்தது. சேனல் பெயர் ஒன்றுகூட அண்ணனுக்குத் தெரியாது. தொண்டை கட்டின ஆள் பேசுவது, நடுவில் மணி அடிப்பது, பாட்டுப் போடுமுன் ஒருத்தன் வெட்டியாகச் சிரிப்பது, இவைதான் அடையாளம். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்புவார், அண்ணன் காதைச் சாய்த்து "இவன் இல்ல… இவன் இல்ல… ம், இவன்தான்" என்பார். வெட்டியாகச் சிரிப்பவன் மட்டும் விளம்பர இடைவேளை முடிகிறவரை சிரிக்காமல் காக்க வைத்துவிட்டான். மதியத்துக்கு வந்தபோது விரல் போன எண்ணுக்கு அவர் கேட்டது மாமியார் மருமகள் சண்டை போடுகிற ஒரு தொடர்.

"இதெல்லாம் நீ பாக்குறியா?" என்றார் நர்ஸம்மா.

"எங்க பாக்குறேன்? கேக்குறேன்," என்றார் அண்ணன்.

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அதே தொடரைக் கடையில் ரிமோட் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர் அவர், எந்தச் சேனல் என்று உடனே சொல்லிவிட்டார். இரண்டு ஆண்களும் அந்த மருமகளுக்கு இனி என்ன ஆகும் என்று பேச ஆரம்பித்துவிட, அக்கா அதட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் அக்கா டிவியை அணைத்து, ரிமோட்டை அண்ணன் கையில் வைத்தார். "இப்ப யாரும் பேச மாட்டோம். நீங்களே."

அண்ணன் ஆரம்பித்தார். காலை, மதியம், சாயங்காலம் என்று விரல் நடந்தது. ஓரிடத்தில் தடுமாறியது. நர்ஸம்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். விரல் பின்வாங்கித் தடவி, தன் இடத்தைக் கண்டுகொண்டது. வெட்டிச் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. அண்ணனும் சிரித்தார். திரும்பவும் ஒன்பதுக்கு வந்து, சத்தத்தைத் தன் அளவுக்குக் குறைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தார். வீட்டுக்காரர் கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினார்.

அக்கா கிளம்பவில்லை. அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால், திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, அந்த ரிமோட்ட இன்னும் ஒரு தடவ குடுங்க."

"இன்னும் என்னக்கா? எல்லாம்தான் வந்துடுச்சே."

"நிறம் சரியா வரல. நியூஸ் வாசிக்கிற பொண்ணு பச்சையா இருக்கா, பாவம்."

"எனக்கு எதுக்குக்கா நிறம்?"

அக்கா அண்ணனின் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாக வாங்கி, மெனுவைத் திறந்து, பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் நெற்றிக்கு நிறம் வந்தது, கன்னத்துக்கு இன்னும் வரவில்லை. சரியாகப் பார்க்க அக்கா இடப்பக்கம் சாய்ந்தார், பிறகு வலப்பக்கம். தரையில் அவர் கால் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டு அண்ணன் தலையைத் திருப்பினார்.

"மறைக்கிறேனாக்கா?" என்று கேட்டபடி, நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.